புனேயில் ஒரு நாள், சாஸ்வடில் ஒரு நாள்: பண்டரிபுரம் நடையில் ஓய்வு நாள் என்ன செய்தது

நீண்ட பாதயாத்திரைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, எத்தனையாவது நாள் ஓய்வு எடுக்கலாம் என்பதுதான். "உடம்பே சொல்லும், அப்போ எடுத்துக்கங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. உடம்பு சொல்லும், ஆனால் ரொம்பத் தாமதமாகச் சொல்லும், அதற்குள் குதிகால் தோல் உரிந்திருக்கும். மகாராஷ்டிராவில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் நடக்கும் விட்டல பக்தர்களான வார்க்கரிகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, ஏனென்றால் எந்த ஊரில் எத்தனை ராத்திரி என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. 2023 ஜூனில் ஒரே திண்டியில் (நடைக் குழுவில்) நடந்த இரண்டு பேர் அந்த ஓய்வு நாட்களை எப்படிக் கழித்தார்கள், அப்புறம் அவர்கள் கால்கள் என்ன ஆயின என்பதைத்தான் எழுதப்போகிறேன். நானும் அதே திண்டியில் நடந்ததால் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

முதலில் நடையின் அமைப்பு. புனேக்குப் பக்கத்தில் ஆளந்தியில் மராத்தி பக்திக் கவி ஞானேஸ்வரர் சமாதி இருக்கிறது. அவருடைய பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, காளைகள் இழுக்கும் வெள்ளி ரதத்தில் ஏற்றி, ஆஷாட ஏகாதசிக்கு முந்தைய நாள் பண்டரிபுரம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சுமார் 250 கிலோமீட்டர். இன்னொரு பக்திக் கவியான துக்காராமின் பல்லக்கு தேஹூவிலிருந்து வேறு வழியில் வரும். ஞானேஸ்வரர் பல்லக்கின் இன்றைய ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டில் ஹைபத்ராவ் பாபா வகுத்தது. ரதத்துக்கு முன்னால் 27 திண்டிகள், பின்னால் அதைவிடப் பல மடங்கு. திண்டி என்றால் நம்மூர் பஜனைக் கோஷ்டி நடந்துகொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: வீணை பிடிக்க ஒருவர், மிருதங்கம் மாதிரி பக்வாஜ் வாசிக்க ஒருவர், தலையில் துளசி மாடம் சுமக்கும் பெண்கள், மற்ற எல்லோர் கையிலும் தாளம். ஒவ்வொரு திண்டிக்கும் ஒரு லாரி. பாத்திரம், அடுப்பு, கூடாரம், மூட்டைகள் அதில் முன்னாலேயே போய்விடும். எல்லோரும் எல்லோரையும் "மாவ்லி" (தாயே) என்றுதான் கூப்பிடுவார்கள், போலீஸ்காரர்கூட.

இனி அந்த வருட அட்டவணை. ஜூன் 11 மாலை ஆளந்தியில் புறப்பாடு, அன்று ராத்திரி ஆளந்தியிலேயே. 12ஆம் தேதி புனே, சுமார் 29 கிலோமீட்டர். 13 முழுக்க புனேயில் தங்கல். 14ஆம் தேதி சாஸ்வட், சுமார் 32 கிலோமீட்டர், நடுவே திவே காட் மலையேற்றம். 15 முழுக்க சாஸ்வடில் தங்கல். பிறகு ஜெஜூரி 16, வால்ஹே 12, லோணந்த் 20, அங்கே மறுபடி தங்கல். லோணந்திலிருந்து தரட்காவ் வெறும் 8 கிலோமீட்டர். அதற்கப்புறம் பல்டண், பரட், நாதேபுதே, மால்சிரஸ், வேலாப்பூர், பண்டிசேகாவ் என்று ஆறு நாள் தினமும் 20 கிலோமீட்டர் அளவில் இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் வாக்ரிக்கு 10, பண்டரிபுரத்துக்கு 5.

இதைப் பார்த்தால் ஒன்று தெரியும். ஓய்வு நாட்கள் எல்லாம் முன்பாதியிலேயே இருக்கின்றன. நாமே திட்டம் போட்டால் பயணத்தின் நட்டநடுவில் ஒரு நாள் வைப்போம், அல்லது "முடிஞ்ச வரைக்கும் போவோம், அசந்தா நிப்போம்" என்று விடுவோம். இங்கே முதல் நாள் நடந்ததுமே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது நடை நாள்தான் முழுப் பயணத்திலும் கஷ்டமானது, அதற்கும் மறுநாள் நிறுத்தம். பழக்கமில்லாத கால் 29 கிலோமீட்டர் நடந்தால் தசைவலி அன்றைக்கே உச்சத்துக்குப் போகாது, அடுத்த ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் போகும். கொப்புளமும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும், அப்புறம் தோல் பழகிக்கொள்ளும். அந்த நாட்களில் ஓய்வு கிடைத்தால் பின்பாதியைச் சமாளிக்கலாம்.

யாரும் உடற்கூறு படித்துவிட்டு இதைப் போடவில்லை. திதிக் கணக்கு, வழியில் இருக்கும் தலங்கள், இவ்வளவு கூட்டத்துக்குச் சோறு போடக்கூடிய ஊர் எது என்ற கணக்கு, இவைதான் காரணம். சாஸ்வட் ஞானேஸ்வரரின் தம்பி சோபான்தேவ் சமாதி உள்ள ஊர். அண்ணன் பல்லக்கு அங்கே தங்கியிருக்கும் துவாதசியன்றுதான் தம்பி பல்லக்கு கிளம்பும். திதி கூடும் குறையும் வருடங்களில் லோணந்த், பல்டண் தங்கல்களில் நாளைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுவார்கள். ஆனால் விளைவு என்னவோ கால்களுக்குச் சாதகமாகத்தான் அமைந்திருக்கிறது.

இருவர்

முதல் ஆள் எங்கள் அண்ணாச்சி. நாங்குநேரிப் பக்கம், ஐம்பது தாண்டியவர், சாக்கனில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு, வீடு நிகடியில். புனேக்கு வந்து ரொம்ப வருடம் ஆகிறது, மராத்தி நம்மைவிட நன்றாகப் பேசுவார். இளவயதில் ஊரிலிருந்து திருச்செந்தூருக்கு ராத்திரி நடையாகப் போனவர் என்பதால் நடை பற்றிக் கொஞ்சம் தெனாவட்டு உண்டு. ராத்திரி நடையும் ஜூன் மாத வெயிலில் தார்ச்சாலை நடையும் வேறு வேறு என்று சொன்னால் சிரிப்பார்.

இரண்டாவது, பர்பணி பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. அறுபதுக்கு மேல். சோயா, பருத்தி போடும் குடும்பம். வருடாவருடம் வருகிறவர். காலில் ரப்பர் அடி வைத்த சாதாரணச் செருப்பு, கையில் ஒரு துணிப்பை, இரண்டு சேலை.

முதல் நாள் புனே வந்து சேர்ந்தபோது இருவர் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அண்ணாச்சிக்கு வலது குதிகாலின் ஓரத்தில் சிவந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நீர் கட்ட ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாவுக்குப் பெருவிரலில் வார் உரசி லேசாகத் தோல் போயிருந்தது, முட்டி வீக்கம் எப்போதும் உள்ளது. எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இடம். பெஞ்சுகளை அடுக்கிவிட்டு வகுப்பறைத் தரையில் படுக்கை.

13ஆம் தேதி, புனே

அண்ணாச்சி 12ஆம் தேதி ராத்திரியே வீட்டுக்குப் போய்விட்டார். அதில் தப்பில்லை, உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான், சொந்தக் கட்டில், சொந்தக் குளியலறை. பிரச்சினை மறுநாள் காலையில் ஆரம்பித்தது. "சும்மா இருக்க நாள்தானே" என்று அரை நாள் ஷிப்டுக்குப் போனார். நிகடியிலிருந்து சாக்கனுக்கு மோட்டார் சைக்கிள், உள்ளே இரும்புப் படிகளில் ஏறி இறங்கும் வேலை, காலில் தொழிற்சாலையின் கனத்த பாதுகாப்புக் காலணி. மதியம் வந்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கியில் நின்றார். சாயங்காலம் தெரிந்தவர்கள் எல்லாம் "வாரி (இந்த யாத்திரைக்கு அதுதான் பெயர்) போறீங்களாமே" என்று வந்து காலில் விழுந்தார்கள் (இது இங்கே வழக்கம், வயது வித்தியாசமே கிடையாது), எல்லோருக்கும் காபி. ராத்திரி பஸ் பிடித்துத் திண்டிக்குத் திரும்பியபோது பதினொன்று. போனில் படி எண்ணும் செயலி 14 ஆயிரம் சொச்சம் காட்டியது. அதைப் பெருமையாக எங்களிடம் வேறு காட்டினார். காலை மூன்றரைக்கு எழுப்பிவிட்டார்கள்.

அந்த அம்மாவின் நாள் இப்படிப் போனது. வழக்கமாக மூன்று மணிக்கு எழுந்திருப்பவர் அன்று ஏழு வரை தூங்கினார். இரண்டு சேலையில் ஒன்றைத் துவைத்துப் பள்ளிக்கூடத்துக் கைப்பிடிச் சுவரில் போட்டார். மழை வராத வருடம், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. பிறகு தெருமுனைக்குப் போனார். பல்லக்குகள் தங்கும் பவானி பேட், நானா பேட் பகுதிகளில் அன்றைக்குத் தெருவெல்லாம் சேவைதான்: முடிதிருத்துபவர்கள் நாற்காலி போட்டு வார்க்கரிகளுக்கு இலவசமாகச் சவரம் செய்வார்கள், எண்ணெய் வைத்துக் கால் பிடித்துவிட இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள், செருப்புத் தைப்பவர்கள் வரிசையாக இருப்பார்கள். ஒரு தாத்தா அந்த அம்மாவின் செருப்பை வாங்கி, பெருவிரல் வாரைப் பிரித்து, தோல் போன இடத்தில் படாதபடி அரை விரல் தள்ளி மறுபடி தைத்தார். உள்பக்கம் உரசும் தையல் முடிச்சைத் தீக்குச்சியால் பொசுக்கித் தட்டி மட்டமாக்கினார். ஐந்து நிமிட வேலை. காசு கொடுக்கப் போனதற்கு அவர் இந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார், இந்த அம்மா அவர் காலைத் தொட்டார், முடிந்தது. என் பார்வையில் அந்த யாத்திரையின் உருப்படியான வைத்தியம் அதுதான். மருந்து போட்டால் காயம் ஆறும், ஆனால் உரசும் இடத்தை மாற்றாவிட்டால் நாளைக்கு அதே இடத்தில் மறுபடி வரும்.

மத்தியானம் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி வைத்துப் படுத்தார். மூன்று மணிவாக்கில் வீட்டுக்கு ஒரு போன்: மழை வந்ததா? வரவில்லை. விதைக்கலையா? இல்லை. அரபிக்கடலில் பிபர்ஜாய் புயல் சுற்றிக்கொண்டிருந்த நேரம், பருவமழை மகாராஷ்டிராவின் உள்பகுதிக்குள் ஏறாமல் நின்றிருந்தது. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. சாயங்காலம் மெதுவாக நடந்துபோய்ப் பல்லக்கைத் தரிசித்துவிட்டு, கீர்த்தனையில் பாதி கேட்டுவிட்டு, ஒன்பது மணிக்குள் படுத்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். வெளியில் அவர் எதுவுமே சாப்பிடவில்லை. புனேக்காரர்கள் அன்று தெருவுக்குத் தெரு கேசரி, வடை, சமோசா, வாழைப்பழம், பிஸ்கெட் என்று கையில் திணிப்பார்கள், அன்பாகத்தான். எங்கள் திண்டியில் இளசுகள் நாலைந்து பேர் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கக் கழிப்பறை வரிசையில் நின்றார்கள். அந்த அம்மா திண்டிச் சமையலின் கடலைமாவுப் பிட்லாவும் சோள பாக்ரியும் தவிர எதையும் தொடவில்லை. கொடுத்ததை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார், பக்கத்துக் குழந்தைகளுக்குப் போய்விடும்.

ஓய்வு யாருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமையல் ஆட்களுக்கு இல்லை. நடை நாளில் இரண்டு வேளை சமைத்தால் போதும், தங்கும் நாளில் டீ, பலகாரம், வந்து போகும் விருந்தாளிகள் என்று அடுப்பு அணைவதே கிடையாது, நடுவில் சந்தைக்குப் போய் அடுத்த வாரத்துச் சாமான் வேறு. துப்புரவுப் பணியாளர்களுக்கு அதைவிட மோசம். ரதத்துக் காளைகளுக்கு நிஜமாகவே ஓய்வு, தீவனமும் கவனிப்பும் பிரமாதமாக நடக்கும்.

14ஆம் தேதி, திவே காட்

அன்று ஏகாதசி. அதாவது முழுப் பயணத்தின் மிக நீளமான நாள், மலையேற்ற நாள், விரத நாள் மூன்றும் ஒன்றாக வந்து விழும். சோறு, ரொட்டி கிடையாது. ஜவ்வரிசிக் கிச்சடி, வேர்க்கடலை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு வறுவல். ஹடப்சர் தாண்டி வட்கியில் இளைப்பாறி, அதற்கப்புறம் மலை. ரதத்துக்குக் கூடுதலாகக் காளை ஜோடிகளைப் பூட்டுவார்கள். கீழே மஸ்தானி ஏரி தெரியும், மேலே வளைந்து போகும் சாலை முழுக்க வெள்ளைக் குல்லாயும் காவிக்கொடியும். படம் எடுக்க நல்ல இடம். நடக்க அப்படிச் சொல்ல முடியாது.

அண்ணாச்சியின் கொப்புளம் வட்கிக்கு முன்பே உடைந்துவிட்டது. காலுறையைக் கழற்றியபோது தோல் மடிந்து ஒரு ஓரமாகச் சுருண்டிருந்தது. வலது குதிகாலை ஊன்றாமல் விந்தி விந்தி ஏறியதில் இடது கெண்டைக்காலின் முன்னெலும்பு ஓரத்தில் வேறு வலி. இதுதான் கொப்புளத்தின் உண்மையான ஆபத்து என்று நினைக்கிறேன். அது தானாகப் பெரிய காயமாவது அபூர்வம், ஆனால் நம் நடையையே மாற்றிவிடும், மாறிய நடை நல்ல காலையும் கெடுத்துவிடும். தண்ணீர் நிறையக் குடித்தார், உப்பு போதவில்லை, மலை உச்சிக்கு வரும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாஸ்வட் போய்ச் சேர ராத்திரி ஒன்பது.

அந்த அம்மா ஏழு மணிக்கே வந்து சேர்ந்து, கூடாரத்தில் கால் கழுவி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முட்டி வீங்கித்தான் இருந்தது. பெருவிரல் சரியாக இருந்தது.

15ஆம் தேதி, சாஸ்வட்

துவாதசி. காலையில் விரதம் முடித்துச் சாப்பாடு. இங்கேயும் அண்ணாச்சிக்குச் சோதனைகள் காத்திருந்தன. பையன்கள் ஜீப் பிடித்துப் புரந்தர் கோட்டைக்குக் கிளம்பினார்கள். நாராயண்பூர் பக்கம் கேத்காவ்லேயில் திருப்பதி மாதிரியே கட்டிய பாலாஜி கோயில் இருக்கிறது, நம்ம ஆளுக்கு அதைப் பார்க்காமல் எப்படி? சோபான்தேவ் பல்லக்குப் புறப்பாடு வேறு. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னது இவ்வளவுதான்: "மாவ்லி, நீங்க விட்டலனைப் பார்க்கக் கிளம்பினீங்களா, ஊர் பார்க்கவா?" மராத்தியில் இன்னும் காரமாக இருந்தது. அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவர் செய்தது எல்லாம் மருத்துவ முகாமுக்குப் போனதும் திரும்பி வந்ததும்தான். சுருண்ட தோலை வெட்டி எறியாமல் உப்புநீரில் கழுவி அதை விரித்து மூடி, ஒட்டாத துணி வைத்து, சுற்றிலும் பஞ்சு வளையம் கட்டினார்கள், எடை காயத்தின் மேல் படாமல் வளையத்தின் மேல் படும்படி. திண்டியில் சிலர் செய்கிற, ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைக்கும் வேலையை வேண்டாம் என்றார்கள், அந்த நூல் வழியாகவே அழுக்கும் உள்ளே போகும். சர்க்கரை உண்டா என்று கேட்டார்கள். இருக்கிறவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம், புண் ஆனதே தெரியாது, அவர்கள் தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். அண்ணாச்சிக்கு இல்லை. மத்தியானம் தூங்கினார், சாயங்காலம் கூடாரங்களுக்கு நடுவே பத்து நிமிடம் உலாத்தினார். இந்த உலாத்தலும் தேவைதான். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் மறுநாள் காலை கெண்டைக்கால் மரக்கட்டையாக இருக்கும்.

ராத்திரி ஆரத்தியின்போது எப்போதும் நடப்பதுதான், பல்லக்கின் தடி பிடிக்கும் காவலரான சோப்தார் தடியை உயர்த்தியதும் அத்தனை திண்டியும் கப்சிப். ஏதாவது குறை இருக்கிற திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருக்கும், சோப்தார் அங்கே போய் என்னவென்று கேட்பார். கீழே கிடந்து கிடைத்த பொருட்களைப் பற்றி அறிவிப்பும் உண்டு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: தங்கும் ஊரில் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

யாரும் முன்னால் போவதில்லை

என் மதிப்பீட்டில் இந்த ஓய்வு நாட்கள் பலிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். தனியாகத் திட்டம் போட்டு நடக்கும் யாத்திரைகளில் ஓய்வு எடுக்கிறவன் பின்தங்குகிறான். ஸ்பெயினில் சந்தியாகோ பாதையில் நடக்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஊராட்சி நடத்தும் யாத்திரிகர் விடுதிகளில் பொதுவாக ஒரு ராத்திரிக்கு மேல் தங்க விடமாட்டார்கள், உடம்பு சரியில்லாதவர்களுக்கு மட்டும் விலக்கு, ஆகவே ஓய்வு நாள் என்றால் பணம் கொடுத்து வேறு விடுதி பார்க்கவேண்டும், இரண்டு வாரமாகக் கூட நடந்தவர்கள் அதற்குள் ஒரு நாள் முன்னால் போயிருப்பார்கள். அதனாலேயே வலியை மறைத்துக்கொண்டு நடப்பவர்கள் ஏராளம். நம்மூரில் தைப்பூசத்தைக் குறிவைத்துப் பழனிக்கு நடக்கும் சின்னக் குழுக்களிலும் இதே கதைதான், ஒருத்தர் நின்றால் மற்றவர்களுக்கு எரிச்சல், நிற்கிறவருக்குக் கூச்சம். பண்டரிபுரம் வழியில் பாதுகையே நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி யார் எங்கே போவது? நின்றவன் சோம்பேறி, நின்றவன் பலவீனன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் நாள் கொடுத்தால் மட்டும் ஓய்வு கிடைத்துவிடாது என்பதற்கு அண்ணாச்சியின் புனே நாள் சாட்சி. வேலை, வங்கி, விருந்தாளி எல்லாவற்றையும் அந்த ஒரு நாளில் அடைத்தார். சொந்த வீடு வழியில் இருப்பது வசதி மாதிரித் தெரியும், எனக்கென்னவோ அதுதான் வம்பு. வகுப்பறைத் தரையில் படுத்திருந்தவர்களுக்குச் செய்ய வேறு வேலை இல்லை, அதனால் படுத்தார்கள்.

பிறகு

ஜெஜூரி 16 கிலோமீட்டர், பஞ்சு வளையத்தோடு நடந்துவிட்டார். அங்கே கண்டோபா மலைப்படிகளை ஏறாதே என்று நாங்கள் எல்லோரும் சொல்லியும் ஏறினார், உடம்பெல்லாம் மஞ்சள்பொடியோடு சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார், இறங்கும்போது முன்னெலும்பு வலி திரும்பிவிட்டது. வால்ஹேயிலிருந்து லோணந்துக்குத் திண்டி லாரியில் போனார். வழியில் நீரா ஆற்றில் பாதுகை ஸ்நானம் பார்க்க முடியவில்லை என்று இன்றைக்கும் குறை. லோணந்துத் தங்கலில் தூங்கியே கழித்தார், மறுநாள் 8 கிலோமீட்டர்தான், சாந்தோபாசா லிம்பில் வார்க்கரிகள் நடுவே குதிரையை ஓடவிடும் ரிங்கணச் சடங்கில் முதலாவதை ஓரமாக நின்று பார்த்தார். அதற்கப்புறம் பண்டரிபுரம் வரை நடைதான், 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். ஜூலையில் வலது கால் சுண்டுவிரல் நகம் ஒன்று விழுந்தது, அதோடு சரி. அந்த அம்மா ஒரு கிலோமீட்டர்கூட வண்டி ஏறவில்லை. வேலாப்பூர் தாண்டும்போது ஊரில் மழை இறங்கிவிட்டது என்று போன் வந்தது, அன்றைக்கு அவர் நடை கொஞ்சம் வேகமாகவே இருந்தது.

புனே ஐ.டி. கம்பெனிக்காரர்களில் ஆளந்தி–புனே ஒரு நாள், அல்லது புனே–சாஸ்வட் ஒரு நாள் மட்டும் நடக்கிறவர்கள் அதிகம், நம்ம ஆட்களும் நிறையப் பேர் வருகிறீர்கள். சாஸ்வட் நாளைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் ஏகாதசிக்கு மட்டும் விடுப்புப் போட்டுவிட்டு ராத்திரியே பஸ் ஏறி மறுநாள் காலை அலுவலகத்தில் போய் உட்காருகிறார்கள். துவாதசிக்கும் சேர்த்துப் போடுங்கள். போட்டுவிட்டு புரந்தர் கோட்டைக்குப் போகாதீர்கள்.